ஏப்ரல் லீவுக்குப் பிறகு பிள்ளையை மறுபடி வீட்டுப் படிப்புக்குக் கொண்டுவருவது: மலையகத்துப் பெற்றோரின் அனுபவங்கள்

நுவரெலியா, இரண்டு பிள்ளைகளின் அம்மா

ஏப்ரல் மாதம் எங்கள் வீட்டில் பாடம் நடக்காது. நுவரெலியாவில் சீசன் வந்துவிட்டால் மலர்க்கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியில் படகு என்று புத்தாண்டை ஒட்டி ஊர் நிரம்பிவிடும். நாங்கள் மேல்மாடி அறைகளை விருந்தாளிகளுக்கு விடுகிறோம். பிள்ளைகள் படிக்கும் மேசையில்தான் அவர்களுக்குக் காலைச் சாப்பாடு. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஏழு. இரண்டு பேரும் வீட்டில் படிப்பவர்கள். அந்த மாதம் அவர்கள் கையில் கொப்பி இருக்காது, துவாயும் சாவிக்கொத்தும்தான் இருக்கும்.

மே பிறந்து கடைசிக் கார் போன பிறகு நான் முதலில் திருத்துவது தூக்கத்தை. சீசனில் முற்றத்தில் பாட்டும் சிரிப்புமாக இருக்கும்போது பிள்ளைகளை எட்டு மணிக்குப் படுக்க வைக்க முடியாது. 6 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணிநேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அக்கடமி 2016இல் சொன்னது. சீசன் முடியும்போது என் பிள்ளைகளின் தூக்கம் அதற்கு எட்டாத தூரத்தில் இருக்கும். ஆகவே முதல் வாரம் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. படுக்கிற நேரத்தை மட்டும் நாளுக்குக் கால் மணிநேரமாக முன்னால் நகர்த்துவோம். இந்தக் குளிரில் காலையில் கம்பளியை விட்டு எழும்ப யாருக்கும் மனம் வராது. அதனால் எழும்பியதும் வெந்நீர், சுவெட்டர், அடுப்படியில் ஒரு இஞ்சி பிளேன்டீ, எல்லாம் தினமும் அதே வரிசையில். அந்த வரிசை உடம்பில் ஏறிவிட்டால் பாடத்துக்கு உட்கார வைப்பது பெரிய வேலையாக இருக்காது.

அப்புறம் மேசை. விருந்தாளிகளின் மேசைவிரிப்பைக் கழுவி மடித்து வைத்துவிட்டு, மேசையை ஜன்னலோரம் இழுத்துப்போடுவது பிள்ளைகளின் வேலை. நானே செய்தால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் தாங்களே இழுத்துப்போட்ட மேசையில் அவர்கள் உட்காரும் விதம் வேறு.

முதல் பாடத்துக்கு, மார்ச்சில் நிறுத்திய பக்கத்தை நான் திறப்பதில்லை. லீவு அவர்கள் கையில் எதை விட்டுப் போனதோ அதிலிருந்துதான் தொடங்குகிறேன். இந்த முறை மகன் மீதிக்காசு கொடுத்துப் பழகியிருந்தான். 5,000 ரூபாய் நோட்டு ஒன்றும் 3,650 ரூபாய் பில் ஒன்றும் கொடுத்தால் கடதாசி இல்லாமலே மீதியைச் சொல்கிறான். அந்த பில் துண்டுகளைக் கொப்பியில் ஒட்டி, அவன் மனதில் செய்த கழித்தலை எழுத்தில் செய்துகாட்டச் சொன்னேன். மகளுக்கு, காலியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் நிறையச் சிங்களச் சொற்களைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவற்றை அவள் தமிழ் எழுத்தில் கிறுக்கி வைத்திருந்தாள். இரண்டாம் மொழிப் பாடத்தை அந்தக் கிறுக்கலிலிருந்தே தொடங்கிவிட்டோம்.

மற்றப் பாடங்களை வாரத்துக்கு ஒன்றாகச் சேர்க்கிறேன். கணக்குப் புத்தகம் எனக்குக் கடைசியில்தான். நீங்கள் எல்லாரும் எப்படிச் செய்கிறீர்கள் என்று அறிய ஆசை.

ஹட்டன், ஒரு மகளின் அப்பா

அக்கா, தூக்கம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கணக்கைக் கடைசிக்குத் தள்ளுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

1996இல் ஹாரிஸ் கூப்பரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் கோடை விடுமுறை பற்றிய 39 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றியவை, அங்கே கோடை லீவு மிக நீளம். லீவு முடிந்து வரும்போது பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்தங்கியிருந்தார்கள். அதிகம் கைவிட்டுப்போனது கூட்டல், பெருக்கல் போன்ற கணக்குப் போடும் திறனும் சொற்களைப் பிழையில்லாமல் எழுதுவதும். எங்கள் லீவு அவ்வளவு நீளமில்லை. ஆனால் என் மகளிடம் நான் பார்த்ததும் இதே வரிசைதான். கதை வாசிப்பதை அவள் விடவில்லை, ஏழாம் வாய்ப்பாடு காணாமல் போயிருந்தது.

அவளுக்கு எட்டு வயது. இழுப்பு இருப்பதால் மழைக்காலத்தில் பாடசாலைக்கு அனுப்ப முடியாமல் வீட்டுப் படிப்புக்கு மாறினோம். லீவின் கடைசி நாட்களிலேயே காலையில் பத்து நிமிடம் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கிவிடுவோம். அவளுக்கு எது மிகச் சுலபமோ அதிலிருந்து, இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து. ‘இது எனக்குத் தெரியுமே’ என்று அவள் அலுத்துக்கொள்வதை நான் விரும்பியே கேட்கிறேன். அந்த நம்பிக்கையோடு ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் போனால் தடுமாற்றம் அவளை அழ வைக்காது.

மறந்துவிட்டதே என்று பதறிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து நடத்த வேண்டியதில்லை. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதியது இதைத்தான்: அடியோடு மறந்ததாகத் தோன்றுவதைக்கூட இரண்டாம் முறை படிக்க முதல் முறையைவிடக் குறைந்த நேரமே போதும். எங்கள் வீட்டில் ஏழாம் வாய்ப்பாடு ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. முதல் முறை அதைப் படிக்க எத்தனை மாதம் பட்டோம் என்பது எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. மே பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் பகலிலேயே லைட் போட வேண்டும். வெளியே விட முடியாத பிள்ளை ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டே இருக்கும். அந்த மழையையே பாடமாக்கினோம். பக்கங்கள் நேராக இருக்கும் ஜாம் போத்தல் ஒன்றைக் கூரைத் தண்ணீர் சொட்டாத திறந்த இடத்தில் வைத்து, உள்ளே நிற்கும் தண்ணீரை ரூலரால் மில்லிமீட்டரில் அளப்பாள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லீட்டர் தண்ணீர். இதைச் சொன்னதும், ‘அப்போ எங்கள் கூரையில் எவ்வளவு விழுந்திருக்கும்?’ என்று கேட்டாள். கூரையின் நீள அகலத்தை நான் அளந்து சொன்னேன். பெருக்கியது அவள். அன்றைக்கு வாய்ப்பாடு சொல் என்று நான் கேட்கவே இல்லை.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற ஆசிரியர், இரண்டு பேரப்பிள்ளைகளின் தாத்தா

தம்பி சொன்ன ஜாம் போத்தலை வாசித்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஹட்டனில் கொட்டுகிற நாட்களில் எங்களுக்கு இங்கே வெயிலும் காற்றும். தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறி, குளிர்ந்து, மழையை அங்கேயே கொட்டிவிட்டு ஊவாப் பக்கம் வறண்டு இறங்குகிறது. ஒக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவம் வரும்போது எங்கள் பக்கம் நனையும். இதைச் சுற்றாடல் பாடத்தில் படமாக எத்தனையோ வகுப்புக்குக் கீறிக் காட்டியிருக்கிறேன். இரண்டு ஊர்ப் பிள்ளைகள் இரண்டு போத்தலில் அளந்து ஒப்பிட்டால் அந்தப் படம் அவர்களுக்குச் சொந்தமாகிவிடும்.

நான் சொல்ல வந்தது வேறு. லீவு முடிந்து இரண்டாம் தவணை தொடங்கும் காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு பஸ்ஸுக்கு நிற்பார்கள். லீவு முழுக்கத் தங்களோடு கிரிக்கெட் அடித்தவர்கள். என் பேரன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அந்தக் காலைதான் அவனுக்கு மிகக் கடினமானது. கொப்பியை விரித்தால் எழுத்து வராது. அதனால் அன்று வீட்டில் உட்காருவதில்லை. பேரனையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடுவேன். தெமோதரையில் பாதை வளைந்து வந்து அதே நிலையத்துக்குக் கீழே சுரங்கத்தில் புகுந்து போகும். மலைச்சரிவில் உயரத்தை மெதுவாக இறக்க அப்படிச் சுற்றிக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு நூலையும் சில புத்தகங்களையும் வைத்து அந்த வளைவைச் செய்து பார்ப்பார்கள். மற்றொரு வருடம் மறுபக்கம் பட்டிப்பொலவுக்குப் போனோம். 6,200 அடிக்கு மேல் இருக்கும் அதுதான் நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து ‘நீ இன்றைக்கு என்ன செய்தாய்?’ என்று கேட்கும்போது பேரனிடம் சொல்ல ஒரு கதை இருக்கும். பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பலம் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களும் கேட்பார்கள். போன முறை கடையில் ஒருவர், ‘எல்லாப் பிள்ளைகளும் போகுது, இவன் மட்டும் ஏன் போகல?’ என்று பேரனிடமே கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். ‘அவன் வீட்டில் படிக்கிறான், இப்போது மூன்றாம் தரம்’ என்று நான் அமைதியாகச் சொன்னேன். அடுத்த முறை அதே பதிலை அவனே சொன்னான். லீவு முடிவதற்கு முன்பே இந்தப் பதிலைப் பிள்ளையோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் கட்டாயக் கல்வி வயதின் மேல் எல்லையை 2016இல் 14இலிருந்து 16க்கு உயர்த்தியிருக்கிறார்கள். கேள்வி வருவது இயல்பு. நாங்கள் அன்றன்று செய்ததைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, பிள்ளைகளின் வேலைகளையும் அதோடு சேர்த்து வைக்கிறோம். அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பது பிள்ளைகளுக்கும் பிடிக்கும். மார்ச்சில் என்ன செய்தோம் என்று அவர்களே கண்டுபிடித்து, விட்ட இடத்துக்குத் தாங்களே போய்ச் சேர்ந்த நாட்களும் உண்டு.

பாடநூல் கைவசம் இல்லாதவர்களுக்கு: கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ் மொழிப் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழில் பாடங்கள் உண்டு. சிக்னல் இருக்கிற இடத்துக்குப் போகும்போது இறக்கி வைத்துக்கொண்டால் மழை நாளில் உதவும்.

கண்டி, பதினைந்து வயது மகனின் அம்மா

சின்னப் பிள்ளைகளைப் பற்றியே பேசுவதால் ஒரு வார்த்தை சொல்கிறேன். என் மகன் சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தயாராகிறான். இந்த வயதில் நான் நேரசூசி போட்டுக் கொடுத்தால் சுவரில் தொங்கும், அவ்வளவுதான். லீவு முடிந்ததும் பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்துச் செய்யச் சொல்வேன். புள்ளி போடுவதும் அவன்தான். எந்தப் பாடம் ஆடிப்போயிருக்கிறது என்பதை அந்தத் தாள் அவனுக்குக் காட்டும். பிறகு நேரசூசியை அவனே எழுதுவான். அதில் விளையாட்டுக்கு அவன் ஒதுக்கும் நேரத்தை நான் குறைப்பதில்லை. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். தன் கையால் எழுதிய நேரசூசியை அவன் மதிக்கிறான்.

நுவரெலியா, இரண்டு பிள்ளைகளின் அம்மா

ஐயா, தம்பி, அக்கா, எல்லாருக்கும் நன்றி. மகனிடம் ஜாம் போத்தலைப் பற்றி வாசித்துக் காட்டினேன். கேட்டு முடிப்பதற்குள் அலுமாரியில் தேடத் தொடங்கிவிட்டான். கணக்குப் புத்தகம் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் காலைப் பத்து நிமிட வாய்ப்பாட்டை நாளையிலிருந்து சேர்த்துக்கொள்கிறேன்.

மூன்று ஊரிலும் ஒரே நேரத்தில் அளப்போமா? வளிமண்டலவியல் திணைக்களம் 24 மணிநேர மழையைக் காலை 8.30இலிருந்து அடுத்த நாள் 8.30 வரை கணக்கிடுகிறது. நாமும் 8.30க்கு அளந்தால் அவர்கள் தரும் நுவரெலியா, பண்டாரவளை அளவுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் பாடம் தொடங்க நான் வைத்திருக்கும் நேரமும் அதுதான். தம்பி, போத்தலின் வாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், காற்றுக்குச் சரியாமல் அதை எப்படி நிறுத்தினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். மகள் முற்றத்தில் இடம் பார்த்துக் கல் அடுக்கத் தொடங்கிவிட்டாள்.