2027 தவக்காலம்: பங்குத்தந்தையின் தினச் சிந்தனையை இடையில் நிற்காமல் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: குருசடி_ஒழுங்கை

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணக் கரையோரப் பங்கு ஒன்றின் இளையோர் மன்றத்துக்காகக் கேட்கிறேன். அடுத்த தவக்காலத்தில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய நோன்பு நாட்களில்) விசுவாசத்தையும் அன்றாட வாழ்வையும் இணைத்து ஒவ்வொரு நாளும் ஒரு சின்னச் சிந்தனை தர எங்கள் சுவாமி (பங்குத்தந்தை) விரும்புகிறார். சொல்லப்போவது அவர். நாள் கணக்கு, ஒலிப்பதிவு, வட்ஸ்அப்பில் அனுப்புவது எங்கள் பொறுப்பு. பங்கில் பெரும்பாலான குடும்பம் கடற்தொழில். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் கேட்பார்கள்.

மொத்தம் எத்தனை சிந்தனை வேண்டும்? எந்த வேதாகம வாசகத்தை எடுப்பது? எவ்வளவு நீளம்? குரலா எழுத்தா, எத்தனை மணிக்கு? பாதியில் நின்றுபோகாமல் இருக்க முதலே என்ன செய்து வைக்கலாம்? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கோ.

பதில் 1: வாசக_மேடை

முதல் வேலை நாட்களை எண்ணி ஒரு கொப்பியில் எழுதுவது. 2027இல் திருநீற்றுப் புதன் பெப்ரவரி 10, உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. பெரிய வியாழன் மாலை இராவுணவுத் திருப்பலி தொடங்கும்போது தவக்காலம் முடிந்துவிடும். பெப்ரவரி 10 முதல் மார்ச் 25 வரை 44 நாள். அதில் ஞாயிறு 6, கிழமை நாள் 38. எல்லாரும் சொல்கிற "நாற்பது நாள்" வேறு கணக்கு: திருநீற்றுப் புதன் தொடக்கம் பெரிய சனி வரை 46 நாள், ஆறு ஞாயிறையும் கழித்தால் 40. இந்த இரண்டு கணக்கும் கலந்தால் "இன்று 12ஆம் நாளா 13ஆம் நாளா" என்று குழுவுக்குள் கேள்வி தொடங்கிவிடும். ஆகவே எண்ணே போடாதேங்கோ. "தவக்காலம் 2ஆம் வாரம், வியாழன்" என்று போடுங்கோ. வாசக நூலில் இருக்கிற தலைப்பும் அதுதான்.

வாசகம் தேடி அலையத் தேவையில்லை. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சி. 2027 மாற்கு நற்செய்தியின் ஆண்டு, ஆனாலும் 3ஆம், 4ஆம், 5ஆம் ஞாயிறுகளில் யோவான்தான் வருவார். கிழமை நாட்களில், பொதுக்காலத்தில் (சிறப்புக் காலம் அல்லாத கிழமைகளில்) முதல் வாசகம் ஒற்றை ஆண்டு, இரட்டை ஆண்டு என்று மாறும். தவக்காலத்தில் அப்படி இல்லை, ஒவ்வொரு வருடமும் ஒரே வரிசை. இந்த முறை எடுத்து வைக்கிற குறிப்பு அடுத்த வருடமும் உதவும், எறிந்துவிடாமல் வையுங்கோ.

நாள் மாறுகிற இடங்கள் மூன்று. பெப்ரவரி 22 திங்கள், புனித பேதுருவின் தலைமைப்பீட விழா, அன்றைக்கு விழாவின் வாசகம். மார்ச் 19 சூசையப்பர் பெருவிழா, வெள்ளிக்கிழமையில் வருகிறது. மார்ச் 25 ஆண்டவரின் பிறப்பு அறிவிப்பு (கபிரியேல் தூதர் மரியாளிடம் வந்த நாள்), ஆனால் 2027இல் அது பெரிய வியாழன். அதனால் பெருவிழா ஏப்ரல் 5 திங்களுக்குத் தள்ளிப்போகும். இதைப் பார்க்காமல் மார்ச் 25க்கு மரியாளைப் பற்றி எழுதி வைத்தால், பாதம் கழுவுகிற அன்று கபிரியேல் வந்து நிற்பார்.

கச்சதீவு அந்தோனியார் கோவிலின் இரண்டு நாள் திருவிழாவும் பெரும்பாலும் தவக்காலத்துக்குள்தான் வரும். திகதி தெரிந்ததும் அந்த இரண்டு நாளையும் கொப்பியில் வட்டமிடுங்கோ. ஆட்கள் கடலில் நிற்பார்கள், அனுப்புகிறவரும் அங்கேதான் நிற்பார்.

பதில் 2: மணியோசை

பங்குப் பணியில் இருக்கிற குரு என்ற முறையில் உள்ளடக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

தினச் சிந்தனையைக் குறுக்கிய மறையுரையாக நினைப்பதுதான் முதல் பிழை. மறையுரைக்குத் திருப்பலி துணை நிற்கிறது, பாடல் இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறார். இதைக் கேட்பவர் குசினியில் நிற்கிறார், அல்லது வலை பொத்திக்கொண்டு இருக்கிறார். அவர் மனதில் ஒரு விடயம்தான் தங்கும். ஆகவே நற்செய்தியில் ஒரேயொரு சொல் அல்லது அசைவு, அது காட்டுகிற காட்சி, அன்று படுக்கப்போகும் முன் செய்யக்கூடிய ஒரு செயல், ஒரு வரிச் செபம். மொத்தம் 250 முதல் 300 சொல். தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 90, 100 சொல்தான் போகும், எனவே மூன்று நிமிடம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் "பிறகு கேட்பம்" என்று வைப்பார்கள். வைத்ததைக் கேட்பதில்லை.

ஒரு நாளை எடுத்துக் காட்டுகிறேன். 2ஆம் வாரம் வியாழன் (பெப்ரவரி 25), லூக்கா 16:19-31, செல்வரும் இலாசரும். வழமையாக எல்லாரும் எழுதுவது "ஏழைக்கு உதவுங்கள்". அது சரிதான், ஆனால் அதைக் கேட்டு ஒருவரும் எழும்பப்போவதில்லை. வாசகத்தை மூன்று தரம் மெதுவாக வாசியுங்கள். முற்பிதா ஆபிரகாமை விட்டால், இயேசு சொன்ன உவமைகளில் பெயரோடு வருகிற பாத்திரம் இந்த இலாசர் ஒருவர்தான். செல்வருக்குப் பெயர் இல்லை. அடுத்து 24ஆம் வசனம்: வேதனையில் கிடக்கும் செல்வர் ஆபிரகாமிடம் இலாசரைப் பெயர் சொல்லித்தான் கேட்கிறார். அந்தப் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? வாசலில் கிடந்தபோதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே தாண்டிப் போயிருக்கிறார். சாகும்வரை ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. தனக்குத் தண்ணீர் தேவைப்பட்டபோதுதான் வாயில் வருகிறது.

இதுதான் அன்றைய சொல்: "பெயர்". செயலும் இதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் படலைக்கு வருகிறவர், ஒழுங்கையில் குப்பை எடுக்கிறவர், மீன் கழுவித் தருகிற அம்மா: இவர்களில் பெயர் தெரியாத ஒருவரிடம் இன்றைக்குப் பெயரைக் கேளுங்கள், நாளைக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். காசு தேவையில்லை, செய்தோமா இல்லையா என்பது இரவு தெளிவாகத் தெரியும். "அன்பாக இருப்போம்", "மனம் மாறுவோம்" என்று முடிப்பவை செயல் அல்ல; செய்யாமல் விட்டாலும் விட்டது தெரியாது.

திருநீற்றுப் புதனுக்கு முந்திய இரண்டு கிழமைக்குள் 12 சிந்தனை கையில் இருக்க வேண்டும். அதோடு பரிசுத்த வாரத்தின் ஐந்தையும், குருத்து ஞாயிறு தொடக்கம் பெரிய வியாழன் வரை, அப்போதே எழுதி முடியுங்கள். அந்த வாரத்தில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது), பேராலயத்தில் எண்ணெய் ஆசீர்வாதத் திருப்பலி, பாதம் கழுவும் ஒழுங்கு எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும், எழுத நேரம் கிடைக்காது. மிச்சம் 27. கிழமைக்கு ஆறு எழுதினால் ஐந்து கிழமைக்குள் முடியும். எழுத ஒரே நாளை ஒதுக்குங்கள். வெள்ளி வேண்டாம், சிலுவைப்பாதை இருக்கிறது.

பெரும்பாலும் சிந்தனை நின்றுபோவது 3ஆம், 4ஆம் வாரத்தில். களைப்பு மட்டும் காரணமில்லை. அதுவரை மத்தேயு, மாற்கு, லூக்காவில் இருந்து தனித்தனிக் காட்சிகள் வரும், எழுத இலகு. 4ஆம் வாரம் திங்கள் (மார்ச் 8) தொடக்கம் யோவான் நற்செய்தி தொடராக வரும். காட்சி குறைந்து நீண்ட வாக்குவாதங்கள். அங்கே முழுப்பகுதியையும் விளக்கப் போனால் மூழ்கிவிடுவோம், ஒரு கேள்வியைப் பிடியுங்கள். மார்ச் 9இல் 38 ஆண்டு படுத்துக் கிடந்தவரிடம் இயேசு கேட்கிறார், நலம்பெற விருப்பமா என்று. அவர் "ஆம்" என்று சொல்லவில்லை. தன்னை ஏன் ஒருவரும் குளத்தில் இறக்கவில்லை என்று விளக்கம் சொல்கிறார். மூன்று நிமிடத்துக்கு அது தாராளம்.

அதே பகுதிகளில் "யூதர்கள்" என்ற சொல் அடிக்கடி வரும். பேச்சு வேகத்தில் ஒரு இனத்தின் மேல் பழி போகக்கூடாது. கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: இயேசுவின் பாடுகளின் பழியை அக்கால யூதர் எல்லார்மேலும், இக்கால யூதர்மேலும் சுமத்த முடியாது. "இயேசுவோடு வாதாடிய சமயத் தலைவர்கள்" என்று சொன்னால் போதும்.

உதாரணம் தேடும்போது ஒரு எல்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது எதுவும், பெயர் மாற்றியோ ஊர் மாற்றியோ கூட, சிந்தனைக்குள் வரவே கூடாது. திருச்சபைச் சட்டம் 983, 984 அதைத்தான் காக்கிறது. முந்நூறு வீட்டுப் பங்கில் "ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி காணிப் பிரச்சினை" என்றாலே சனம் ஆளைக் கண்டுபிடித்துவிடும். வீட்டுச் சந்திப்பில் அறிந்ததையும் அப்படியே விட்டுவிடுங்கள். பொதுவில் எல்லாரும் காணும் பொருட்கள் போதும்: கிணற்றுக் கப்பி, துருப்பிடித்த பூட்டு, முடிச்சு விழுந்த வலை.

பூசைக்கு வராதவர்களைத் திட்டுவதற்கும் இது இடமில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வருகிறவர்கள்.

பதில் 3: ஒலிவாங்கி

தம்பி, குரல்தான் நல்லது, வீடியோ வேண்டாம். தீவுப் பக்கம் சிக்னல் குறைந்த இடத்தில வீடியோ இறங்காது, மூண்டு நிமிசக் குரல் சட்டெண்டு இறங்கிவிடும். அதோட எழுத்தையும் கீழே போடுங்கோ, காது மந்தமான ஆக்களுக்கும் பஸ்ஸில போறவைக்கும் அது வேணும்.

கோவிலுக்குள்ள வைச்சுப் பதியாதேங்கோ. வெறும் கோவில், உயர்ந்த கூரை, சீமெந்துச் சுவர், ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேட்கும். சுவாமியின்ர அறையில அலுமாரியைத் திறந்து, தொங்கிற உடுப்புகளுக்கு முன்னால இருந்து பேசச் சொல்லுங்கோ. துணி எதிரொலியைக் குடிச்சிடும். காத்தாடியை நிப்பாட்டுங்கோ. போனை வாய்க்கு நேரா பிடிக்காமல் ஒரு சாண் தள்ளி, கன்னப் பக்கமாகப் பிடிச்சால் "ப", "த" வெடிக்காது. விமானப் பயன்முறையில போடுங்கோ, இல்லாட்டி நடுவில அழைப்பு வந்து பதிவு அறும். ஒரு இருப்பில மூண்டுக்கு மேல பதியவேண்டாம், நாலாவதில குரல் தளர்ந்திடும்.

கோப்புக்குப் பெயர் வைக்கிறதில்தான் பிழை கூட வரும். "27-02-25 வா2 வியாழன்" எண்டு வருடம், மாதம், நாள் ஒழுங்கில வையுங்கோ, தானாக வரிசையில நிக்கும். "புது பதிவு 14" எண்டு விட்டால் பிழையான நாளுக்குப் பிழையான சிந்தனை போகும்.

அனுப்ப வட்ஸ்அப் குழு எண்டால் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் எண்டு பூட்டுங்கோ. இல்லாட்டி 80 "ஆமென்", 40 பூப்படத்துக்குக் கீழ சிந்தனை மறைஞ்சிடும். ஒலிபரப்புப் பட்டியல் (broadcast list) எண்டால் ஒண்டில 256 பேர்தான், அதுவும் உங்கட நம்பரைத் தங்கட போனில சேமிச்சு வைச்சவைக்கு மட்டும்தான் போகும். கனபேருக்கு வரேல்லை எண்டு முறைப்பாடு வாறதுக்கு இதுதான் காரணம். வட்ஸ்அப் சனல் (channel) திறந்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை, ஒருவரின்ர நம்பர் மற்றவருக்குத் தெரியவும் மாட்டாது.

நேரம்: கடற்தொழில் பங்கில விடியக்காலை வேண்டாம். இரவு கடலுக்குப் போனவை அப்பதான் கரைக்கு வருவினம், பெண்கள் சந்தையில நிப்பினம். முதல் நாள் இரவு 7.30க்கு, குடும்பச் செபம் முடியிற நேரத்துக்கு, அடுத்த நாளுக்குரியதை அனுப்புங்கோ. வீட்டில எல்லாரும் ஒண்டா இருந்து கேட்பினம், கனடாவில அப்ப காலை.

குருசடி_ஒழுங்கை

மிக்க நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். மார்ச் 19 வெள்ளி என்றால் அன்றைக்கு மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடலாமா? இதைக் கட்டாயம் கேட்பார்கள். மற்றது, போன் இல்லாத வயதானவர்களுக்கு என்ன செய்யலாம்?

பதில் 4: மறையாசிரியை

வெள்ளியில் பெருவிழா வந்தால் அன்றைக்குச் சுத்தபோசனக் கடமை (இறைச்சி விலக்குவது) இல்லை, திருச்சபைச் சட்டம் 1251. அதே சட்டப்படி ஒருசந்தியும் சுத்தபோசனமும் சேர்ந்து வருவது திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு, ஒருசந்தி 18 நிறைந்ததில் இருந்து 59 நிறையும் வரை. ஒருசந்தி என்றால் ஒரு முழுச் சாப்பாடு, காலையும் இரவும் கொஞ்சமாக எடுக்கலாம். பொதுச் சட்டம் விலக்கச் சொல்வது இறைச்சியை. மீனையும் விட்டு மரக்கறியோடு இருப்பது எங்கள் வீடுகளின் பக்தி வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் மீனைத் தவிர வேறு கறிக்கு வழியில்லாத வீட்டுக்காரர் அதனால் பாவம் செய்தோம் என்று நினைக்கக்கூடாது. இதைச் சுவாமி முதல் வெள்ளிக்கு முன்னமே ஒரு சிந்தனையில் சொன்னால் பலருக்கு மனம் ஆறும். சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவர்கள், பாலூட்டும் தாய்மார் ஒருசந்தி பிடிக்கத் தேவையில்லை என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கோ. வயதான ஆக்கள் கேட்காமலே பட்டினி கிடப்பார்கள்.

போன் இல்லாதவர்களுக்கு: ஒரு கிழமையின் ஏழு சிந்தனையையும் ஏ4 தாளில் இரண்டு பக்கமாக அடியுங்கோ. முழுவதும் அடங்காது, சொல், செயல், செபம் மட்டும், எழுத்தளவு 16க்குக் குறையாமல். சனிக்கிழமை நோயாளருக்கு நற்கருணை கொண்டுபோகிறவர்களிடம் கொடுத்துவிட்டால் வீட்டுக்கு வீடு போய்ச் சேரும். மறைக்கல்விப் பிள்ளைகளை அனுப்பி வாசித்துக் காட்டச் செய்தால் இன்னும் நல்லது. பிள்ளை பிழையாக வாசித்தால் அம்மம்மா திருத்துவா, அப்படியே இரண்டு பேருக்கும் பாடமாகும்.

வெள்ளி இரவுகளில் வியாகுலப் பிரசங்கம் (இயேசுவின் பாடுகளைப் பற்றிய பழைய பிரசங்க நூல்) பாடுகிற பங்கு என்றால் வியாழன் இரவு வரும் சிந்தனையில் அடுத்த நாள் பாடப்போகும் பகுதியின் கருத்தை இரண்டு வரியில் சேருங்கோ. அதை எழுதிய கொன்சால்வேஸ் அடிகளின் தமிழ் 18ஆம் நூற்றாண்டுத் தமிழ், இளம் ஆக்களுக்கு இராகம் பிடிக்கும், சொல் விளங்காது.

பெரிய வெள்ளிக்கும் பெரிய சனிக்கும் ஒன்றும் அனுப்பாதேங்கோ. பெரிய வியாழனுக்குரிய சிந்தனையின் அடியில் "அடுத்தது சனி இரவு, உயிர்ப்புத் திருவிழிப்பு முடிந்த பிறகு" என்று ஒரு வரி போட்டுவிடுங்கோ. இல்லாட்டி "சுவாமிக்கு என்ன நடந்தது" என்று போன் வரும்.