பாடத்திட்டம் மாறியபோது வகுப்பறையில் நாங்கள் பார்த்தது

இடைநிலை ஆசிரியை, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி:

2002-ல் பணியில் சேர்ந்தேன். அன்று முதல் இன்று வரை ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகள்தான். செயல்வழிக் கற்றல், சமச்சீர் கல்வி, முப்பருவ முறை, 2018-ல் தொடங்கிய புதிய பாடநூல்கள், இப்போது சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் என்று எல்லாவற்றையும் வகுப்புக்குள் நின்று பார்த்துவிட்டேன். ஒவ்வொன்று வரும்போதும் பயிற்சி கொடுத்தார்கள், கையேடு கொடுத்தார்கள். வந்த பிறகு வகுப்பில் என்ன நடந்தது என்று மட்டும் யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. நாமே நமக்குள் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் தொடங்குகிறேன்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் ஆரம்பித்த செயல்வழிக் கற்றல், 2007-ல் மாநிலம் முழுவதும் வந்தது. முதலில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நாற்காலியை ஓரமாகப் போட்டுவிட்டு நானும் பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும். சுவரில் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப்பந்தல், அதில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கும். பாடநூல் இருந்த இடத்தில் அட்டைகள். கற்றல் ஏணியைப் பார்த்து, தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பிள்ளையே கண்டுபிடித்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு அதற்கான குழுவில் போய் உட்கார வேண்டும்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. பெற்றோர் செங்கல் சூளைக்குப் போனபோது கூடவே போய்விட்டாள். மூன்று வாரம் வரவில்லை. திரும்பி வந்த அன்று காலையில் நான் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருக்கிறேன், அவள் நேராக ஏணிக்குப் போனாள். கீழிருந்து மேலே விரலை ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினாள். தட்டிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள். "டீச்சர், இதுல பாதில விட்டுட்டுப் போனேன்" என்று என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். பழைய முறையாக இருந்தால் அதற்குள் வகுப்பு மூன்று பாடம் தாண்டிப் போயிருக்கும். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், அப்படிப் பல பிள்ளைகளை நானே அதற்கு முன்னால் விட்டிருக்கிறேன்.

குறையும் நிறைய இருந்தது. நாலு வகுப்புக்கும் ஒரே ஆள். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. தொலைந்த அட்டைக்கு மாற்று வர மாதக்கணக்கில் ஆனது. அந்தப் படியில் நிற்கும் பிள்ளைக்கு நானே காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். பெற்றோர் வந்து, "புத்தகமே இல்லாம என்ன டீச்சர் படிப்பு?" என்று கேட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்க்க அவர்களுக்கு ஒன்றும் இல்லையே, அந்தக் கேள்வி நியாயம்தான்.

அப்புறம் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகளை 2021 நவம்பரில்தான் திறந்தோம். அதனால் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பலர் முதல் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராதவர்கள். அவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து அந்தந்த நிலையிலிருந்து தொடங்கச் சொன்னது மிக நல்ல முடிவு. "மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் எழுத்து தெரியாமல் இருக்கலாம், அது குற்றமில்லை" என்று அரசே சொன்ன மாதிரி இருந்தது. நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன்.

மதிப்பீடு செயலிக்குள் போனபோதுதான் கஷ்டம் ஆரம்பித்தது. ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து என் செல்போனில் பதிவிட வேண்டும். ஒரு பையன் "ப... ட... கு" என்று எழுத்துக் கூட்டி வருகிறான். அவன் "படகு" என்று சேர்த்துச் சொல்லப்போகும் அந்த நேரத்தில் திரையில் வட்டம் சுற்றுகிறது. நான் போனைப் பார்க்கிறேன், அவனும் போனைப் பார்க்கிறான். நெட் வந்து நான் நிமிர்ந்தபோது அவன் மறுபடி "ப" என்று முதலிலிருந்து ஆரம்பித்தான். அவன் சேர்த்துச் சொல்லும்போது அவன் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

உங்கள் வகுப்பில் நடந்ததை எழுதுங்கள்.

பட்டதாரி ஆசிரியர், மெட்ரிகுலேஷன் பள்ளி:

டீச்சர், நான் 2011-ஐப் பற்றிச் சொல்கிறேன். அந்த ஆண்டை மறக்கவே முடியாது.

அதுவரை மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலு பாடத்திட்டம். எங்கள் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் 1,100 மதிப்பெண்ணுக்குத் தேர்வு எழுதுவார்கள், பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 500-க்கு எழுதுவார்கள். நாலையும் ஒன்றாக்குவது பற்றி ஆராய்ந்த முத்துக்குமரன் குழு அறிக்கை தந்து, 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்து, முதலில் ஒன்றுக்கும் ஆறுக்கும் பொதுப் பாடநூல் கொடுத்தார்கள். மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு என்றார்கள். அதற்குள் ஆட்சி மாறி, சமச்சீரை நிறுத்தி வைக்கப்போய், விஷயம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய்விட்டது.

ஜூன் 15-ல் பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்புக்குப் புத்தகம் கிடையாது. எந்தப் புத்தகம் வரும் என்றும் தெரியாது. கையில் சாக்பீஸும் வருகைப் பதிவேடும்தான். முதல் வாரம் இலக்கணம். இரண்டாவது வாரம் கட்டுரை, கடிதம். பிறகு பிள்ளைகளையே எதையாவது படித்து வந்து பேசச் சொன்னேன். கூச்சத்தில் வாயே திறக்காத ஒரு பையன், தன் தாத்தா கிணறு வெட்டிய கதையை முக்கால் மணி நேரம் சொன்னான். எத்தனை அடியில் பாறை வந்தது, எப்படி வெடி வைத்தார்கள், ஊற்று எந்தப் பக்கம் பீறிட்டது என்று எல்லாம் சொன்னான். அந்த இரண்டு மாதத்தில் எனக்குப் பிள்ளைகளைத் தெரிந்த அளவுக்கு வேறு எந்த ஆண்டிலும் தெரியவில்லை. ஆனாலும் அது நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன். பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளையின் கண்ணில் தினமும் ஒரு பயம் தெரியும். "சார், இன்னைக்காவது வருமா?" என்றுதான் காலை வணக்கமே ஆரம்பிக்கும்.

ஆகஸ்ட் 9-ல் தீர்ப்பு வந்தது, பத்து நாளுக்குள் செயல்படுத்தச் சொல்லி. கட்டுக் கட்டாகப் புத்தகம் வந்து இறங்கியதும் முதல் வேலையாகச் சில பக்கங்களை மறைத்துத் தாள் ஒட்டச் சொன்னார்கள். ஆசிரியர்கள் எல்லோரும் பசையும் கையுமாக உட்கார்ந்தோம். இரண்டு மாதம் காத்திருந்த பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்கப்புறம் ஓட்டம்தான். ஜூன், ஜூலையில் நடத்த வேண்டியதை செப்டம்பருக்குள் அடைக்க வேண்டும். ஒரு விஷயம் மட்டும் நிறைவாக இருந்தது. அந்த ஆண்டு எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் சந்தேகம் கேட்டுக்கொண்டதை நானே பார்த்தேன்.

முதுகலை ஆசிரியர், இயற்பியல், அரசு மேல்நிலைப் பள்ளி:

மேல்நிலை வகுப்பின் கதை வேறு.

தனியார் பள்ளிகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருடம் நடத்துவார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. ஒரு பாடத்துக்கு 200 என்றிருந்தது 100 ஆனது. எந்த யூனிட்டிலிருந்து எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் ப்ளூபிரிண்ட்டும் போனது. 2018-19-ல் பிளஸ் ஒன்னுக்குப் புதிய புத்தகம். ஒரு பிள்ளை எழுந்து, "சார், ப்ளூபிரிண்ட் இல்லாம எதைப் படிக்கிறது?" என்று கேட்டான். "புத்தகத்தைப் படி" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சங்கடமாக இருந்தது. அவனுக்குப் பத்து வருடமாக நாங்கள் கற்றுக்கொடுத்த படிப்பே அதுதானே.

புதிய இயற்பியல் புத்தகம் அருமையானது. இருபது வருடமாக நான் ஆசைப்பட்ட மாதிரி காரணத்தோடு விளக்கும் புத்தகம். ஆனால் கட்டிய வரிசையில் ஒரு விரிசல். இரண்டாவது அலகு இயக்கவியல். அதைத் தொட்டால் வெக்டர் வேண்டும், வகை நுண்கணிதம் வேண்டும். அடிப்படையைப் புத்தகத்திலேயே சுருக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கணக்குப் புத்தகத்தில் இந்த இரண்டும் வருவது இரண்டாம் தொகுதியில். எனக்கு ஜூலையில் தேவைப்படுவதைக் கணக்கு ஆசிரியர் அரையாண்டை ஒட்டித்தான் தொடுவார். உயிரியல் பிரிவில் கணக்கு எடுக்காத பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது.

அந்தப் பிரிவில் ஒரு மாணவி, பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். கரும்பலகையில் நான் திசைவேகத்துக்கு டி.எக்ஸ் பை டி.டி (dx/dt) என்று எழுதினேன். அவள் கையைத் தூக்கி, "மேலயும் கீழயும் டி இருக்கே சார், அடிச்சிடலாமா?" என்றாள். வகுப்பு சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம்.

புத்தகத்தை மூடிவிட்டு எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு பையனை ஓடவிட்டு, ஒவ்வொரு நொடிக்கும் நான் கை தட்ட, அவன் இருந்த இடத்தில் மற்றவர்கள் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். கோடுகளுக்கு நடுவே அளந்தோம். பிறகு அரை நொடிக்கு ஒரு தட்டல். "இன்னும் வேகமாத் தட்டினா?" என்று கேட்டேன். அந்த மாணவிதான் சொன்னாள்: "இடைவெளி குறைஞ்சுக்கிட்டே போகும் சார். ஆனா வேகம்னு ஒண்ணு அங்க இருக்கும்." அதுக்கு மேல் நான் என்ன நடத்த?

இதற்கு நாலு பீரியட் ஆனது. அப்புறம் கணக்கு ஆசிரியரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் தன் வரிசையை மாற்றி, கணக்குப் பிரிவுக்கு வெக்டரையும் வகைக்கெழுவையும் ஜூலையிலேயே எட்டு பீரியட் எடுத்துக் கொடுத்தார். அதன் பலன், மாதாந்திர ஆய்வில் அவருடைய போர்ஷன் பின்தங்கியிருந்தது. ஏன் என்று கேட்டார்கள். எதற்காகப் பின்தங்கியது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. கூட்டத்தில் அவர் எழுந்து நின்றபோது நானும் எழுந்து சொன்னேன். "சரி, அடுத்த மாசத்துக்குள்ள முடிச்சிடுங்க" என்றார்கள். அடுத்த ஆண்டு அவர் எட்டு பீரியட் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பாடத்திட்டம் எழுதும்போது இரண்டு பாடக் குழுக்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்த மாதம் யாருக்கு எது வேண்டும் என்று ஒரு தாளில் போட்டிருந்தாலே தீர்ந்திருக்கும். 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் மறுபடி அலமாரிக்குப் போய்விடக் கூடாதே என்று கவலையும் இருக்கிறது. இயக்கவியல் தெரியாமல் பிளஸ் டூவில் மின்னியலை எந்த அடித்தளத்தில் கட்டுவது?

ஆசிரியர் பயிற்றுநர், வட்டார வள மையம்:

நான் வகுப்புக்குப் போய் உற்றுநோக்கல் படிவம் நிரப்புகிறவன். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பள்ளிக்குப் போனபோது ஆசிரியை கையேட்டில் அந்த நாளுக்குப் போட்டிருந்ததை நடத்தவில்லை. பிள்ளைகள் தட்டான்பூச்சி ஒன்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இறக்கை எத்தனை, கால் எத்தனை என்று எண்ணி, ஆளுக்கொரு வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை "தட்டானுக்கு நாலு ரெக்கை இருக்கு" என்று எழுதிவிட்டு, "ரெக்கைக்கு என்ன ற டீச்சர்?" என்று கேட்டாள். எண்ணும் நடந்தது, எழுத்தும் நடந்தது. என் செல்போனில் கேள்வி: "ஆசிரியர் கையேட்டின்படி இன்றைய செயல்பாடு நடைபெறுகிறதா?" ஆம், இல்லை என்று இரண்டே பதில்.

நான் "இல்லை" என்று போட்டேன். பொய் எழுதப் பழக்கமில்லை. ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அந்த ஆசிரியையிடம் அந்தப் பாடத்தையே மற்றவர்கள் முன்னால் நடத்திக் காட்டச் சொன்னேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஒரு அம்மா, மகன் ஏழாம் வகுப்பு:

நான் ஆசிரியை இல்லை. 2019-ல் மூத்தவளுக்கு வந்த புத்தகத்தின் அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவ்வளவு அழகாக இருந்தது. உள்ளே கியூஆர் கோடு இருந்தது. போன் ஒன்றுதான், அது நான் வேலைக்கு எடுத்துப் போவது. ராத்திரி ஒன்பது மணிக்கு நான் வந்த பிறகு தூக்கக் கண்ணோடு அதைக் காட்டி வீடியோ பார்ப்பாள். இப்போது மகனுடைய சார் வகுப்பிலேயே தன் போனில் போட்டுக் காட்டிவிடுகிறார். அவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதினேன்.

இடைநிலை ஆசிரியை:

பயிற்றுநர் சார், நீங்கள் "இல்லை" என்று போட்டதில் எனக்கு வருத்தமில்லை. அடுத்த வாரம் நீங்கள் செய்ததை நான் இதுவரை யாரிடமும் பார்த்ததில்லை. அந்த ஆசிரியைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

இயற்பியல் சாரின் எட்டு பீரியட்தான் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் பள்ளியில் பழைய கற்றல் ஏணியைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். இந்த ஆண்டு எடுத்தேன். ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. நடுப்பகுதியை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டி, அரும்புப் பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரையும் துணிக்கிளிப்பில் எழுதி மாட்டிவிட்டேன். படி ஏறினால் அவர்களே கிளிப்பை நகர்த்துவார்கள். கையேட்டில் இது இல்லை. "படகு" சொன்ன பையன் நேற்று இரண்டு படி ஏறினான். கிளிப்பை நகர்த்திவிட்டு, யாரும் மாற்றிவிடுவார்களோ என்று சாயங்காலம் வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.