வாவிக்கரைக்கு ஒரு சரிவுப் பாதை: மானியம் பற்றி உதவி தேவை

வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் மாற்றுத்திறனாளிகள் சங்கமொன்றில் வேலை செய்கிறேன். யுத்தத்தில் காலை இழந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைகள் எங்களோடு இருக்கிறார்கள். வாவி வீட்டுக்குப் பக்கத்தில்தான், ஆனால் சேறும் மேடுமாகக் கிடக்கும் கரையில் இவர்களால் இறங்க முடியாது. கண்டல் மரங்களின் ஓரமாகத் தோணியில் போய்க் கொக்கும் நீர்க்காகமும் பார்ப்பது இவர்களுக்கும் கிடைக்க வேண்டிய சந்தோசம். சிகிச்சைக்கும் உதவிப் பொதிக்கும் மட்டும் வெளியே வருவதா வாழ்க்கை?

ஒரு சரிவுப் பாதை, கைபிடியோடு சின்னத் தோணித்துறை. இவ்வளவுதான் கேட்கிறோம்.

யூ.என்.டி.பி. (ஐ.நா. அபிவிருத்தித் திட்டம்) ஊடாக நடக்கும் ஜெஃப் (உலகச் சுற்றாடல் நிதியம்) சிறு மானியத் திட்டம் சமூக அமைப்புகளுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கிறது. ஆனால் அது உயிர்ப்பல்வகைமை, காலநிலை போன்றவற்றுக்கான நிதி. அப்படியென்றால் கண்டல் பாதுகாப்பை முன்வைத்து, பாதையை அதன் பகுதியாக எழுதலாமா? விண்ணப்பித்த அனுபவமுள்ள அக்காமார், அண்ணாமார் சொல்லுங்கள். கரையோரத்தில் கட்டுவதற்கு யாரிடமெல்லாம் அனுமதி எடுக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். அப்புறம், இயலாமையுள்ளவர்களுக்கென்றே தனியாக வேறு நிதி ஏதும் இருந்தால் அதையும் எழுதுங்கள். முன்மொழிவைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் திருத்தித் தர யாராவது முன்வந்தால் பெரிய உதவி.