விளையாடாமல் வளர்ந்தவர்கள் உள்ளிருக்கும் குழந்தையை எப்படிப் பேணுவது?

கேள்வி – மூத்தவள்

எனக்கு வயது 43. அப்பா காலமானபோது நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னலாடை நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதால், உலை வைப்பதும், தம்பியையும் தங்கையையும் பள்ளிக்குக் கிளப்புவதும், ரேஷன் கடை வரிசையில் நிற்பதும் என் பொறுப்பாயின. "இவள் இந்த வீட்டுக்கு இன்னோர் அம்மா" என்று உறவினர்கள் பாராட்டுவார்கள். அந்தச் சொல்லுக்காகவே நான் மேலும் மேலும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். இன்று நல்ல வேலையும் அன்பான குடும்பமும் இருக்கின்றன. ஆனால் என் மகள் வீடெங்கும் சாமான்களைப் பரப்பிக்கொண்டு நேரம் போவது தெரியாமல் விளையாடும்போது எனக்குக் கடும் எரிச்சல் வருகிறது. அது பொறாமைதான் என்பது அண்மையில்தான் புரிந்தது.

உள்ளிருக்கும் குழந்தையை, அதாவது நமக்குள் இன்னும் வாழும் சிறுவயது மனத்தை, பேண வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். பொம்மை வாங்குங்கள், வண்ணம் தீட்டுங்கள், மழையில் நனையுங்கள் என்கிறார்கள். வண்ணம் தீட்டும் புத்தகத்தோடு உட்கார்ந்தும் பார்த்தேன். கைதான் தாளில் இருந்தது. காது குக்கர் விசிலிலும் அம்மாவின் இருமலிலும் இருந்தது. விளையாடியே பழகாத ஒருத்திக்குள் அப்படியொரு குழந்தை இருக்குமா? இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? தனியாளாக நின்று எங்களைக் கரையேற்றிய அம்மாவைக் குறை சொல்வதாக இது ஆகிவிடாதா?

மறுமொழி – உளவள ஆலோசகர்

சகோதரி, உங்கள் காது குக்கரிலும் இருமலிலும் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, கவனிக்க வேண்டிய இடம் அதுதான். குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இங்கிலாந்தில் பணியாற்றிய டொனால்ட் வினிகாட், தனித்திருக்கும் ஆற்றல் மனிதருக்கு எப்படி வருகிறது என்பதைப் பற்றி 1958இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அம்மா பக்கத்தில் இருக்கிறாள், எது வந்தாலும் அவள் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கை இருக்கும்போதுதான் குழந்தை அவளையே மறந்து விளையாட்டில் ஆழ்கிறது என்பது அவர் கண்ட உண்மை. உங்கள் வீட்டில் அப்படிப் பார்த்துக்கொள்ளும் ஆளாக நீங்களே இருந்தீர்கள். காவல் நிற்பவருக்கு விளையாட வராது. உள்ளே குழந்தை இல்லாததால் அன்று வண்ணப் புத்தகம் பயன்படாமல் போகவில்லை; அந்தக் குழந்தை இன்னும் காவல் பணியிலிருந்து விடுபடாததால்தான் அப்படி ஆனது.

ஆகவே பொம்மைக்கு முன்னால் ஏற்பாடு செய்ய வேண்டியது காவலை. வாரத்தில் ஏதாவது ஒரு வேளை, அடுப்பையும் அம்மாவையும் கைப்பேசியையும் வேறொருவர் முழுப் பொறுப்பில் விட்டுவிடுங்கள். "ஏதாவது என்றால் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அப்படிச் சொன்னால் காவல் உங்களிடமே இருக்கும். தொடக்கத்தில் அந்த நேரத்தில் மகிழ்ச்சி வராது, பதற்றமும் குற்றவுணர்வும்தான் வரும். அப்போது உங்களோடு நீங்களே பேசுவது உதவும். சிறுவயதிலிருந்து மனத்தில் ஊறிப்போன போக்குகளை மாற்ற அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி யங் வகுத்த ஸ்கீமா சிகிச்சை முறையில் இது முக்கியமான பகுதி: காயப்பட்ட குழந்தையின் கையில் வாழ்க்கையை ஒப்படைத்துவிடாமல், அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்புத் தரும் முதிர்ந்த மனத்தை வலுப்படுத்துவார்கள். அந்த ஆறாம் வகுப்புச் சிறுமி உங்கள் எதிரில் நின்றால், "இன்றைக்குச் சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ" என்றுதானே சொல்வீர்கள்? அதைச் சொல்லுங்கள், வாய்விட்டே சொல்லுங்கள்.

அம்மாவைப் பற்றிய உங்கள் தயக்கத்துக்கும் விடை உண்டு. குடும்பச் சிகிச்சைத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான சால்வடோர் மினுச்சின், பெரிய குடும்பங்களிலும் பெற்றோரில் ஒருவரே உள்ள குடும்பங்களிலும் மூத்த பிள்ளை இளையவர்களைப் பார்த்துக்கொள்வது இயல்பான ஏற்பாடு என்றே 1974இல் எழுதினார். பொறுப்பின் எல்லை தெளிவாகவும் வயதுக்குத் தக்கதாகவும் இருந்தால் அதனால் பிள்ளை வளரும். எல்லையே இல்லாமல் போகும்போதுதான் நசுங்கும். உங்கள் அம்மாவுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதும், உங்களுக்கு அது பெரிய சுமையாக இருந்தது என்பதும் ஒருசேர உண்மைகள். ஒன்றைச் சொன்னால் மற்றொன்று பொய்யாகிவிடாது.

இதில் இறங்கும்போது அடி, மிரட்டல், பாலியல் கொடுமை போன்ற நினைவுகள் எவருக்கேனும் மேலெழுந்து தூக்கத்தைக் கெடுத்தால், தனியாகத் தோண்ட வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மறுமொழி – உளவியல் வாசகர்

இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்ற கூச்சம் வரும்போது சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்டுடன் உறவு முறிந்த காலத்தில், 37, 38 வயதில், புகழ்பெற்ற மருத்துவராக இருந்தும் திசை தெரியாமல் தவித்த அவருக்கு, பத்துப் பதினோரு வயதில் கட்டைகளை அடுக்கி வீடும் கோட்டையும் கட்டிய நினைவு வந்தது. ஏரிக்கரையில் கற்களைப் பொறுக்கி ஒரு சிற்றூரையே கட்டத் தொடங்கினார். பிற்பகல் நோயாளிகள் வரும்வரை நாள்தோறும் அதுவே வேலை. விளையாடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஏற்றுக்கொண்டது தமக்கு அவமானமாகவும் வலியாகவும் இருந்தது என்று பிற்காலத்தில் அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவர் புதிதாக எதையும் வாங்கவில்லை, தமக்கே உரிய பழைய விளையாட்டுக்குத் திரும்பினார் என்பதையும் கவனியுங்கள். உங்களுக்கும் ஆறாம் வகுப்புக்கு முன்னால் ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

மறுமொழி – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, புறநானூற்றின் 243ஆம் பாடலில், தொடித்தலை விழுத்தண்டினார் என்ற முதியவர் தம் இளமையை எண்ணி வருந்துகிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டியதையும், நீரில் தாழ்ந்த மருதமரக் கிளையேறி, கரையில் இருப்பவர்கள் வியக்கும்படி மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததையும் சொல்கிறார். உடனிருந்தவர்கள் ஒளிவுமறைவு அறியாத தோழர்கள் என்கிறார். ஆலோசகர் காவல் என்று சொன்னதைப் படித்தபோது, பாடலில் கரையில் நிற்பவர்கள்தான் என் நினைவுக்கு வந்தார்கள். பார்த்து வியக்க ஆட்கள் இருந்ததால் அந்தச் சிறுவனால் ஆழத்துக்குப் போக முடிந்தது. நீங்களும் தனியாக அமர்ந்து பழக முயல வேண்டாம். அஞ்சாங்கல்லோ பல்லாங்குழியோ, உங்கள் வயதொத்த தோழி ஒருத்தியோடு ஆடுங்கள்.

மறுமொழி – அக்கா வளர்த்த தம்பி

அக்கா, நான் உங்கள் தம்பியின் இடத்தில் இருப்பவன். எங்கள் வீட்டிலும் அக்காதான் எல்லாம். அவர் சோர்வாக இருந்தார் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை, ஏனென்றால் அவர் முகத்தில் அது தெரிந்ததே இல்லை. எங்கள் அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, "ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீ பார்த்துக்கொள், என்னை அழைக்காதே" என்று அக்கா ஒருமுறை கண்டிப்பாகச் சொன்னார். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. மருந்து வேளைகூடத் தெரியாமல் திண்டாடினேன். இப்போது அந்த நாளை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இளையவர்கள் தாமாகக் கேட்க மாட்டோம். தயவுசெய்து கேளுங்கள்.

மறுமொழி – மூத்தவள்

அனைவருக்கும் நன்றி. அப்பா இருந்தபோது நான் பாண்டி ஆடுவேன், தெருவில் என்னை யாரும் வென்றதில்லை. இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. தம்பியிடம் இன்றிரவு பேசப்போகிறேன். அம்மாவுக்கான மாத்திரைகளின் பெயரையும் வேளையையும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டேன். என் மகளுக்குப் பாண்டிக் கட்டம் போடத் தெரியாது. முதல் ஞாயிறு அவளோடு ஆடலாமா, அல்லது அங்கும் நான் அம்மாவாகவே ஆகிவிடுவேனா என்பதை ஆலோசகர் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி – உளவள ஆலோசகர்

முதல் சில வாரங்கள் தோழியோடு ஆடுங்கள். மகளோடு ஆடும்போது, கட்டம் போடுவதையும் விதி சொல்வதையும் அவளிடமே விட்டுவிடுங்கள். தோற்றால் தோற்றதாகவே இருக்கட்டும். அவளுக்குத் தாகமா, வெயில் அடிக்கிறதா என்று பார்க்க அங்கே இன்னொரு பெரியவர் இருப்பது அவசியம்.