காந்தம் சுத்துது, எல்இடி எரியல. எங்க தப்பு?

பல்லடம்_தறி:
பையனோட ஸ்கூல் எக்ஸிபிஷனுக்குங்க, காந்தத்தைச் சுத்திக் கரண்ட் எடுத்து எல்இடி எரிக்கற மாடல். 8 மி.மீ. போல்ட்ல 36 கேஜ் காப்பர் வயர் 200 சுத்து. 15 மி.மீ. நியோடைமியம் வட்டக் காந்தத்தைத் தட்டையா பேட்டரி டிரில் முனையில ஒட்டி, 600 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 600 தடவை) போல்ட் தலைகிட்ட சுத்தறோம். சிவப்பு எல்இடி மினுக்குன்னு கூட இல்லீங்க.

காயில்கட்டி_கோவை:
ஒட்டின விதம்தாங்க முதல் தப்பு. அந்தக் காந்தத்துக்கு வடக்கும் தெற்கும் ரெண்டு தட்டை முகத்துல இருக்கு. பம்பரமாட்டம் சுத்தினா போல்ட் பக்கம் எப்பவும் ஒரே துருவம்தான். காந்தப்புலம் மாறாது, வோல்ட்டும் வராது. சுண்டி விட்ட காசு மேசைமேல சுத்துமே, அப்படிச் சுத்தணும். மரக்குச்சி நுனியைப் பிளந்து, காந்தத்தைச் சொருகி, நூல் சுத்தி அரால்டைட் போடுங்க. காயறதுக்குள்ள டிரில்லை ஓட்டினா காந்தம் பறந்து கண்ணுல அடிக்கும்.

சிங்கை_லேத்:
சுத்தும் பத்தாதுங்ணா. 600 ஆர்பிஎம்ல 200 சுத்து காயிலுக்கு வர்ற வோல்ட் பத்தாது. சிவப்பு எல்இடிக்கு 1.8 வோல்ட்டாவது வேணும். போல்ட்ல 3 செ.மீ. நீளத்துக்கு 1500 சுத்து கட்டி, 1200 ஆர்பிஎம்ல ஓட்டுங்க. ரீவைண்டிங் கடையில 25 கிராம் வயர் வாங்கினா மிச்சமே ஆகும். ரெண்டு முனையிலயும் வயர்மேல பூசியிருக்கற எனாமலை உப்புத்தாள்ல பளபளன்னு தேச்சு எடுக்கணும். நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான். மல்டிமீட்டர்ல 30–40 ஓம் காட்டினா காயில் சரி. ஒண்ணுமே காட்டலைன்னா எனாமல் போகல, இல்லைன்னா வயர் அறுந்திருக்கு.

பல்லடம்_தறி:
சரிங்ணா. பழைய டேபிள் ஃபேன் மோட்டாரையே சுத்தினா ஆகாதுங்களா?

காயில்கட்டி_கோவை:
அதுல நிலைக்காந்தமே இல்லீங்க. கரண்ட் குடுத்தாத்தான் அதுக்குள்ள காந்தம் உண்டாகும். பிஎல்டிசி ஃபேன்னா ரோட்டர்ல (சுத்தற பாகத்துல) காந்தம் இருக்கும், அது ஆகும்.

இன்னொண்ணு, காயில்ல வர்றது ஏசி, திசை மாறி மாறி வர்ற கரண்ட். ரெண்டு எல்இடியை ஒண்ணுக்கொண்ணு தலைகீழா, பக்கத்துல பக்கத்துலயே (பேரலல்ல) இணைங்க. மாறி மாறி எரியும். மீட்டரை டிசி 200 மில்லிவோல்ட்ல வெச்சு, காந்தத்தைக் கையில பிடிச்சுக் கிட்ட கொண்டு போனா ஒரு குறி, இழுத்தா எதிர்க்குறி, அசையாம வெச்சா பூஜ்யம். 1831-ல ஃபாரடே பார்த்தது இதைத்தான். எக்ஸிபிஷன்ல முதல்ல இதைக் காட்டச் சொல்லுங்க.

சிங்கை_லேத்:
சார்ட்ல "காந்தத்திலிருந்து மின்சாரம்"னு மட்டும் எழுதிறாதீங்க. வெளிச்சமா வர்றது டிரில் பண்ற வேலை. காந்தம் தேயறதில்லீங்க.