பொருள்: டிசம்பர் மழை இயல்பா? (கரைப் பணம் தொடர்பாக)

மஸ்கட்டிலிருந்து:

பொருளாளர் அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

டிசம்பர் மழையில் உடைந்த நம் ஊர்க் குளத்துக் கரையைச் சீராக்கி உயர்த்தத் தலைக்கு 10,000 ரூபாய் கேட்டு அண்ணாச்சி எழுதிய மடலுக்கு சிங்கப்பூர் அத்தான் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்கள். "இந்தப் பருவத்தில் தமிழ்நாட்டில் மழை இயல்பைவிட 4 சதவீதம்தான் அதிகம். இதற்கே கரை உடைந்தது என்றால் முன்பு கொடுத்த பணம் எங்கே?" பின்பாதிக்கு அண்ணாச்சி பதில் சொல்லட்டும். முன்பாதியை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. அந்த 4 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு வேறு சிலரும் பணம் தரத் தயங்குவதாகக் கேள்விப்பட்டேன்.

எண் சரியானதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாநிலத்தின் சராசரி 44 சென்டிமீட்டர். 2023இல் பெய்தது ஏறத்தாழ 46. 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் வானிலைத் துறை அதை 'இயல்பு' என்றே எழுதும். ஆனால் அது மாநிலம் முழுவதையும், மூன்று மாதங்களையும் ஒன்றாகக் குவித்து வகுத்த எண். அக்டோபர் பெரும்பாலான இடங்களில் ஏமாற்றிவிட்டது. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அதன் பிறகு குமரிக்கடல் மேல் நின்ற ஒரு மேலடுக்குக் காற்றுச் சுழற்சி, பெயர்கூட வைக்கப்படாத ஒன்று, நம் தூத்துக்குடிப் பக்கம் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தமிழ்நாட்டுக்கு ஓராண்டு முழுவதும் சராசரியாகக் கிடைப்பதே 92 சென்டிமீட்டரை ஒட்டித்தான். 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே 'அதி கனமழை' என்று எழுதுகிறார்கள். அளவை வைத்துப் பிரித்த வகைகளில் அதுதான் உச்சம்.

17ஆம் தேதி பெய்ததை 18ஆம் தேதிக் கணக்கில் எழுதியிருக்கிறார்களே என்று தோஹா தம்பி சந்தேகப்பட்டிருந்தான். மழைமானியை நாள்தோறும் காலை 8.30க்குத்தான் படிப்பார்கள், படித்த தேதியில்தான் பதிவாகும். இதில் சூது எதுவும் இல்லை தம்பி.

இப்போது குளத்துக்கு வருவோம். 62 சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் பாதி மண்ணுக்குள் போனதென்று வைத்துக்கொண்டாலும் மீதி எங்கே போகும்? ஊருக்கு மேலே தென்காலில், அதாவது தாமிரபரணியின் தென்கரைக் கால்வாயில், வரிசையாகக் குளங்கள். மேல்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீரும் கீழ்க்குளத்தின் தலையில்தான் விழும். அணைகளிலிருந்து திறந்துவிட்டது வேறு ஆற்றோடு வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் 800 பேரோடு ரயில் நின்றுபோனதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். கரையை உடைப்பது ஒரு ராத்திரி. அந்த ராத்திரியைப் பருவச் சராசரியில் தேடினால் கிடைக்காது.

இதே சராசரி 2016இல் வேறு விதமாகப் பேசியது. அந்தப் பருவத்தில் மாநிலத்துக்கு 17 சென்டிமீட்டர்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. 62 சதவீதம் குறைவு. லாரித் தண்ணீருக்குப் பணம் கேட்டபோது யாரும் சதவீதம் கேட்கவில்லை.

அண்ணாச்சி கேட்கும் பணத்தில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போன மதினி குளக்கரையில் நடந்து பார்த்திருக்கிறாள். உடைப்பு விழுந்தது கரை தாழ்வான இடத்தில் அல்ல, மறுகாலுக்கு, அதாவது குளம் நிறைந்தால் தண்ணீர் வெளியேறும் வழிக்கு, பக்கத்தில். மறுகால் ஓடை அரைத் தூரம் வரை உடைமரக் காடு. அதைத் தாண்டினால் நம் சங்கத்து மண்டபத்தின் பின்சுவர். மண்டபம் கட்டியபோது கொட்டிய மண் இன்றும் ஓடைக்குள் மேடாகக் கிடக்கிறதாம். தண்ணீர் போக வழியில்லாமல் கரையைப் பிளந்துகொண்டு பிசானப் பருவத்து நெல் நடவுக்குள் இறங்கியிருக்கிறது. இந்த நிலையில் கரையை இரண்டடி உயர்த்தினால் அடுத்த முறை இரண்டடி கூடுதல் தண்ணீர் ஊருக்குள் வரும், அவ்வளவுதான். கரை அரசுடையது, அதை அரசு கட்டும். நாம் ஓடையைத் திறந்துவிடுவோம். மண்டபத்துச் சுவரை இடிக்க வேண்டியிருந்தால் இடிப்போம்.

கூடவே ஒரு சிறு செலவு. பள்ளிக்கூட வளாகத்தில் ஒரு மழைமானி வைப்போம். மரமும் கட்டடமும் தள்ளி, திறந்த இடத்தில். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் படித்து நோட்டில் எழுதட்டும்.

---

சிங்கப்பூரிலிருந்து:

தங்கச்சி விளக்கமாக எழுதியிருக்கிறது. சந்தோஷம். ஆனால் ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்றால் நம் ஊரிலும் 62 என்று யார் அளந்தது? காயல்பட்டினத்துக்கும் அதற்கும் 33 சென்டிமீட்டர் வித்தியாசம், ஒரே நாள், ஒரே மாவட்டம். நம் ஊரில் 50 பெய்ததா 80 பெய்ததா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆகவே மழைமானிக்கு நான் தருகிறேன், முழுச் செலவும். ரசீது வேண்டும்.

2016 பேச்சை எடுத்ததும் தங்கச்சிதான். லாரித் தண்ணீர்க் கணக்கு இன்றுவரை முடிக்கப்படவில்லை. எத்தனை நடை, ஒரு நடைக்கு எவ்வளவு, மீதி யார் கையில்? ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன், ஒவ்வோர் ஆண்டும் "பழசைக் கிளறாதீர்கள்" என்று பதில். மண்டபத்து மண்ணை அள்ளிப் போகத் தனியாகப் பணம் வாங்கப்பட்டது, நினைவிருக்கிறதா? அந்த மண்தான் ஓடைக்குள் கிடக்கிறது என்றால், அள்ளியதாக எழுதிய கூலி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

---

டொராண்டோவிலிருந்து:

மண்டபச் சுவரை இடிப்பதா? அந்தச் சுவரில் பெரியப்பாவின் பெயர் வெட்டியிருக்கிறது. திறப்பு விழாவுக்கு மூன்று ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார்கள். மேலூரில் இன்றைக்கும் கல்யாணத்துக்குப் பந்தல்தான் போடுகிறார்கள்.

1992 நவம்பர் வெள்ளத்தின்போது நான் ஊரில் இருந்தவன். ஆறு ஊருக்குள் வந்தது, ஆனால் நம் குளத்துக் கரை அசையவில்லை. அன்றைக்குக் குளத்துத் தண்ணீரைத் திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சித் தாத்தா ராத்திரியோடு ராத்திரியாக மறுகால் பலகையைக் கழற்றிவிட்டார். மறுநாள் ஓடையில் விரால் துள்ளியதைப் பிடிக்க நாங்கள் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. துண்டை விரித்தே பிடித்தோம். அந்த ஓடை அன்று எவ்வளவு அகலம் என்று இன்று யாருக்குத் தெரியும்! இந்தக் கரையில் வந்து நிற்கிற கொக்குக்குக்கூட நம் ஊர் என்றால் ஒரு மரியாதை இருந்தது.

சுவரை மட்டும் தொடாதீர்கள். என் பங்கை இரண்டு மடங்காகத் தருகிறேன். ஓடையைச் சுற்றி வேறு வழியாகத் திருப்ப முடியாதா?

---

கோயம்புத்தூரிலிருந்து:

டொராண்டோ அண்ணன், ஓடையைத் திருப்ப வேண்டுமென்றால் கிழக்கே உங்கள் வாழைத்தோப்பு வழியாகத்தான் திருப்ப வேண்டும். சரி என்றால் எழுதுங்கள், நாளைக்கே கேட்டுச் சொல்கிறேன்.

நான் போன வாரம் நேரில் பார்த்துவிட்டு வந்தேன். மதினி சொன்னது உண்மை. கரை உடைப்பை மணல் மூட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். மறுகாலில் பலகை இல்லை, சிமெண்டால் பூசி மூடியிருக்கிறது. கோடையில் தண்ணீர் கசிகிறது என்று யாரோ செய்த வேலை. அந்த யாரோ இந்தக் குழுவில்தான் இருக்கிறார், அவரே எழுதுவார் என்று காத்திருந்தேன்.

அளவை எடுக்காமல் சுவரைப் பற்றிச் சண்டை போடுவதில் பயனில்லை. ஓடைப் புறம்போக்கின் எல்லையை அளந்து காட்டச் சொல்லித் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறேன். ஊரில் வீடு உள்ளவர்கள் கையெழுத்திட்டால் நல்லது. பொருளாளர் அண்ணாச்சி அதுவரை யாரிடமும் பணம் வாங்க வேண்டாம். மனுவில் முதல் கையெழுத்தை அவரே போட்டால் மற்றவர்கள் தயங்க மாட்டார்கள். மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் யாராவது தெரிவியுங்கள். பின்சுவரை உள்ளிருந்தும் அளக்க வேண்டும்.