உசிலம்பட்டி தொகுதி: பேஸ்புக் விளம்பரத்துக்குச் சான்று, கணக்கு எப்படி?

உசிலை இளவட்டம்:
எங்க ஊர்க்காரர் ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். பிளெக்ஸ், வண்டி என்று இறக்க வசதியில்லை. பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும்தான் நம்பியிருக்கிறோம். வீடியோவை பூஸ்ட் பண்ண (காசு கட்டிப் பலருக்குப் பரப்ப) யாரிடம் அனுமதி வாங்கணும்? நண்பரின் கார்டில் பணம் கட்டலாமா?

வைகைக்கரை:
கார்டு வேண்டவே வேண்டாம் தம்பி. மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தல் செலவுக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்கி, அதிலிருந்துதான் கட்டணும். விளம்பரக் கட்டணம் மட்டும் செலவில்லை. வீடியோ எடுத்தவர் கூலி, எடிட்டிங், பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனின் சம்பளம் எல்லாமே 40 லட்சம் உச்சவரம்புக்குள் வரும். பேஸ்புக் பில்லில் 18% ஜிஎஸ்டி சேரும். அதையும் சேர்த்தே எழுதுங்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு கொடுக்காவிட்டால் 3 ஆண்டு வரை தகுதிநீக்கம் செய்யலாம்.

வேட்பாளர் தன் சொந்தப் பக்கத்தில் காசில்லாமல் போடும் பதிவுக்குச் சான்று தேவையில்லை. பூஸ்ட் பட்டனைத் தொட்டால் அது விளம்பரம். மாவட்ட ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிடம் 3 நாளுக்கு முன்பே மனு கொடுக்கணும்: வீடியோ 2 பிரதி, பேச்சு முழுவதும் எழுத்து வடிவில் சான்றொப்பத்துடன், தயாரிப்புச் செலவு, வெளியிடும் செலவு. சான்று வாங்கிய பிறகு வீடியோவில் ஒரு வரி மாற்றினாலும் திரும்ப மனுதான். ஆகவே வசனத்தை முடிவு செய்தபின் மனு எழுதுங்கள். வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் சமூக ஊடகக் கணக்குகளைக் குறிப்பிட மறக்க வேண்டாம்.

மேலமாசி:
பேஸ்புக் பக்கத்து வேலையை மனுத்தாக்கலுக்கு வெகு முன்பே தொடங்குங்கள். பக்க நிர்வாகி இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, அடையாள அட்டை ஏற்றி, ‘பணம் கொடுத்தவர் யார்’ என்ற வரியைப் பதிந்து ஒப்புதல் வாங்கணும். அந்த வரி இல்லாத அரசியல் விளம்பரத்தை நிறுத்திவிடுவார்கள். காசு கட்டிய நாள்களும் வீண்.

விளம்பரம் எந்தப் பகுதிக்குப் போகணும் என்று பேஸ்புக்கில் குறிக்கும் இடத்தேர்வில் தொகுதி எல்லை கிடையாது. உசிலம்பட்டியை மையமாக வைத்துப் பெரிய வட்டம் போட்டால் பாதிக் காசு ஆண்டிபட்டி, திருமங்கலம் பக்கம் போய்விடும். வரைபடத்தில் உசிலம்பட்டியில் ஒரு குறி, எழுமலைப் பக்கம் ஒரு குறி என்று சின்னச் சின்ன வட்டமாகப் போடுங்கள். விளம்பரம் முடியும் நேரத்தையும் அப்போதே குறித்துவிடுங்கள்: வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்னால் பிரசாரம் நிற்கணும். நேரம் குறிக்காத விளம்பரம் தானாக ஓடிக்கொண்டே இருக்கும், பழி வேட்பாளர் தலையில்.

உசிலை இளவட்டம்:
நன்றிண்ணே. வேட்பாளர் குரலை ஏஐ-யில் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

வைகைக்கரை:
அறிவிப்போடு அனுப்பலாம். தேர்தல் ஆணையத்தின் 2025 அக்டோபர் உத்தரவுப்படி, ஒலியாக இருந்தால் முதல் 10% நேரத்தில் ‘செயற்கையாக உருவாக்கியது’ என்று சொல்லணும். 30 நொடிக்கு 3 நொடி. படமாக இருந்தால் தெரியும் பரப்பில் குறைந்தது 10% அளவுக்கு அந்தக் குறிப்பு. யார் தயாரித்தது என்பதும் வேண்டும். என் கருத்து, உள்ளூர் வேட்பாளருக்கு இது தேவையே இல்லை. அவரே போனில் பேசிப் பதிந்த குரலைத்தான் ஊர்க்காரர்கள் நம்புவார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான். உங்கள் எண்ணைச் சேமிக்காதவருக்குச் செய்தி போகவே போகாது. வீடு வீடாகப் போகும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். காசு கொடுத்து மொத்தமாக விடும் எஸ்எம்எஸ், குரல் அழைப்புக்கும் அதே ஊடகச் சான்றளிப்புக் குழுவின் சான்று வேண்டும்.